விசில் யாருக்கு?

கேள்வி: ‘ஜெய ஜெய ஜெய ஜெய ஹே’ படத்தில் மனைவி கணவனை உதைத்தால் தியேட்டரே சிரிக்கிறது. ஆண் அடித்தால் மட்டும் தப்பா?

பதில்: உதைக்கு முந்தைய காட்சிகளையும் பாருங்கள். 2022-இல் வந்த இந்த மலையாளப் படத்தில், தினமும் இடியாப்பம் கேட்கும் கணவன் ராஜேஷ் முதலில் கை நீட்டுகிறான்; பிறகு ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ச் சமாதானம் செய்கிறான். மறுபடியும் அடிக்கிறான். பிறந்த வீடோ அனுசரித்துப் போகச் சொல்கிறது. வேறு வழியில்லாமல்தான் மனைவி ஜெயா செல்போன் வீடியோ பார்த்து ரகசியமாகச் சண்டை பழகுகிறாள். அது தற்காப்பு. ‘மன்னன்’ (1992) படத்தில் ஆலை முதலாளியாக வரும் விஜயசாந்தியை ரஜினி அறைந்ததற்கும் நம்மவர்கள் கைதட்டினார்கள். அங்கே முதலாளியம்மா ஆலையை விட்டுவிட்டு இல்லத்தரசி ஆனால்தான் சுபம்! என் விசில் ஜெயாவின் காலுக்குத்தான்.