இரண்டரை சிடிக்கு ஒரு கிரிவலம்

"ஏங்க, இந்த சிடியெல்லாம் கொய்யா மரத்துல கட்டிடட்டுமா? பளபளன்னு ஆடுச்சுன்னா குரங்கு கிட்ட வராதாம்."

மனைவி இதை அனுமதி கேட்கும் குரலில்தான் கேட்டாள். ஆனால் நான் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தபோது இரண்டு சிடிகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன. நடு ஓட்டையில் வாழைநாரைக் கோத்து, கிளைக்கு ஒன்றாக. ஒன்று, யாரோ வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்துக் கொடுத்த பக்திப் பாடல். போகட்டும். இன்னொன்று இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'. 1986-இல் வந்த இசை. ஜெர்மன் இசைமேதை பாக்கையும் நம் தியாகராஜரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்த இசை. அது இப்போது கொய்யா மரத்தில்.

குரங்கும் வந்தது. எங்களூர் திருவண்ணாமலை. இங்குள்ள குரங்குகள் கிரிவல பக்தர்களின் கையிலிருக்கும் வாழைப்பழத்தையும், பைக்குள் ஒளித்துவைத்த வாழைப்பழத்தையும், வாங்கலாமா என்று யோசிக்கும் வாழைப்பழத்தையும் அறிந்தவை. அது இளையராஜாவைக் கையில் பிடித்தது. அதில் தன் முகத்தைப் பார்த்தது. பல்லைக் காட்டிச் சரிபார்த்தது. பிறகு இரண்டு கொய்யாக்காயைப் பறித்துக்கொண்டு சுவரேறிப் போயிற்று.

அன்று ராத்திரியே முடிவு செய்தேன். வீட்டிலுள்ள 412 சிடிகளையும் ஒரு சுரம் குறையாமல் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது. அதன்பிறகு தகடுகளைக் குரங்குக்குக் கொடுத்தாலும் சரி, குரங்கே கேட்டாலும் சரி.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் சொன்னான்: "எதுக்குப்பா? எல்லாம் போன்லயே இருக்கே." இருக்கிறதுதான். நேற்று இருந்த பாட்டு இன்று சாம்பல் நிறமாகி, தொட்டால் பாடாமல் இருக்கிறதே, அதையும் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் முடிந்தால் பாட்டும் போய்விடும். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிற கதை அது.

முதல் சிக்கல், டிரைவ். லேப்டாப்புகளில் சிடி போடும் வாயே இப்போது கிடையாது. தேரடித் தெருப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இப்ப யார் சார் சிடி போடுறாங்க?" என்று கேட்டுக்கொண்டே அடித்தட்டில் கையை விட்டு, ஒரு யூஎஸ்பி டிரைவை எடுத்து, ஊதினார். வந்த தூசியைப் பார்த்தால் அதுவும் என்னைப் போல் பல வருஷம் தவமிருந்திருக்கிறது.

இரண்டாவது சிக்கல், ஆயுத பூஜை. என் சிடிகளில் பாதிக்கு மேல் சந்தனம், குங்குமப் பொட்டோடு இருந்தன. வருஷா வருஷம் பிளேயருக்குப் பொட்டு வைக்கும்போது பக்கத்திலிருந்த சிடிகளையும் விட்டுவைக்கவில்லை. "மேல் பக்கம்தானே வச்சேன், பாட்டு கீழ்ப் பக்கம்தானே இருக்கு" என்றாள் மனைவி. உலகமே அப்படித்தான் நினைக்கிறது. நிஜத்தில் சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர்; அதில் பெரும்பகுதி கீழேயிருக்கும் பிளாஸ்டிக். பாட்டைத் தாங்கும் அலுமினியப் பூச்சு மேல் பக்கத்தில், பெயர் அச்சடித்த இடத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. அதற்குக் காவல் மெல்லிய வார்னிஷ் ஒன்றுதான். கீழே கீறினால் பல சமயம் தப்பிக்கலாம். மேலே சுரண்டினால் பாட்டே உரிந்துவிடும். அதனால் பொட்டை ஈரத்துணியில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். அடிப்பக்கத்தையும் வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். மகாராஜபுரம் சந்தானத்தின் மேலிருந்த குங்குமம் மட்டும் போகவே இல்லை. அவருக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

இனி, பாட்டுகளை எந்தக் கோப்பாக ஏற்றுவது என்ற விஷயம். நான் எடுத்தது ஃப்ளாக். ஜோஷ் கோல்சன் என்பவர் 2001-இல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டு, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த கோப்பு முறை. எம்பி3 காதுக்கு எட்டாது என்று நினைப்பதைக் கழித்துக்கட்டிவிடும்; ஃப்ளாக் எதையும் கழிக்காது, மடித்து வைக்கும். பிரித்தால் அசல் அப்படியே திரும்ப வரும். இதை மாமியாருக்கு விளக்கினேன். "பிளாக்கா? அந்தக் காலத்துல சினிமா டிக்கெட்தான் பிளாக்ல வாங்குவாங்க" என்றார்.

மடிப்பது எப்படி? முந்தைய ஒலியை வைத்து அடுத்த ஒலி இப்படித்தான் இருக்கும் என்று ஃப்ளாக் ஊகிக்கிறது. ஊகத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறதல்லவா? நான் வாயைத் திறக்கும்போதே மனைவி முழு வாக்கியத்தையும் ஊகித்துவிடுவாள். வித்தியாசம் இருந்தால் மட்டும் காது கொடுப்பாள். என் பேச்சு முழுவதும் அவளிடம் ரொம்பக் கொஞ்சம் இடத்தில்தான் இருக்கிறது.

இந்தச் சுருக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பொதுவாகக் கோப்பு பாதிக்குச் சற்று மேலே போய் நிற்கும். எம்.கே.டி. பாகவதரோ பாதிக்கும் கீழே போய்விடுவார். அவர் காலத்துப் பதிவில் இடது வலது என்று இரண்டு ஒலி கிடையாது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே பாகவதர். ஒருவரை எழுதினால் போதும். இன்றைய குத்துப்பாட்டு அப்படியில்லை. ஆரம்பம் முதல் கடைசி வரை எல்லாரும் சேர்ந்து கத்துவதால் ஊகிக்க ஒன்றுமில்லை, சுருங்க மறுக்கிறது.

கீறல் விழுந்த சிடிகள்தான் உயிரை வாங்கின. சாதாரண பிளேயர் கீறலைக் கண்டால் முடிந்தவரை திருத்தும், முடியாவிட்டால் பக்கத்து ஒலிகளைப் பார்த்து எதையாவது இட்டு நிரப்பிவிடும். பஜனையில் வரி மறந்தவர் வாயை மட்டும் அசைத்துச் சமாளிப்பாரே, அந்த மாதிரி. நான் போட்ட மென்பொருளிடம் அந்தச் சமாளிப்பு நடக்காது. ஒவ்வோர் இடத்தையும் இரண்டு தடவை படித்து ஒப்பிடும். ஒத்துவராவிட்டால் திரும்பப் படிக்கும், எண்பது தடவைக்கு மேலும் படிக்கும். டிரைவ் 'கர்ர்... டக்... கர்ர்' என்று முனகும். ஒரு சீர்காழி கோவிந்தராஜன் சிடிக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்று. விடியற்காலையில் கடைசிப் பாட்டும் பிழையின்றி முடிந்ததாகத் திரையில் வந்தபோது நான் கும்பிட்டேன். அதே நேரம் பால்காரர் வாசலில் நின்றிருந்தார். தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்து அவரும் கும்பிட்டார்.

காத்திருந்த நேரத்தில் கணக்குப் போட்டேன். முழுதாக நிரம்பிய சிடியில் உள்ள சுருள்தடத்தை நூலாக உருவி நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஆக, இரண்டரைச் சொச்சம் சிடிக்கு ஒரு கிரிவலம். பாட்டு ஓடும்போது லேசர் அந்தத் தடத்தில் போகும் வேகம் விநாடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வரை. இது மனுஷன் நடக்கிற வேகம்! சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சிடியை உருவாக்கி, 1982-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பௌர்ணமி ராத்திரி ஈசான்ய லிங்கத்தை நோக்கி நடப்பவரின் கால்வேகத்தில்தான் அதை ஓடவிட்டிருக்கிறார்கள். அதோடு விட்டதா? பெயர் அச்சிட்ட பக்கத்திலிருந்து பார்த்தால் சிடி கடிகாரம் போல வலமாகத்தான் சுற்றுகிறது. பிரதட்சிணம்.

இதைக் கேட்ட பிறகுதான் மனைவிக்கு அந்த டிரைவின் மேல் மரியாதை வந்தது. என் 412 சிடிகளையும் தலைக்கு நாலரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நூற்றுமுப்பது கிரிவலம் ஆகிறது. டாக்டர் மாதம் ஒன்று போகச் சொன்னார். புண்ணியம் டிரைவுக்குப் போயிற்று, இடுப்புவலி எனக்கு வந்தது.

சிடியைப் போட்டதும் பாட்டுகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் வைத்து 'இது இன்ன ஆல்பம்' என்று சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் உண்டு. ஒரு முருகன் பாட்டு சிடியைப் போட்டேன். ஜெர்மன் மொழிக் குழந்தைப் பாட்டு என்றது. முருகனும் குழந்தைதான் என்று சமாதானம் செய்துகொண்டு கையால் அடித்தேன். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருந்ததால் என் கணக்குப்படி நாலு இளையராஜாக்கள் ஆகிவிட்டார்கள். கர்னாடக சங்கீதம் இன்னும் மோசம். வகை என்ற இடத்தில் 'இதர' என்று போட்டிருந்தது. ராகத்துக்கு ஒரு கட்டமே கிடையாது. நல்லவேளை, ஃப்ளாக்கில் நாமே கட்டம் சேர்த்துக்கொள்ளலாம். ராகம், தாளம், வயலின், மிருதங்கம் என்று சேர்த்தேன். கடத்துக்கும் ஒரு கட்டம்.

கடைசியில் ஒரு சரிபார்ப்பு உண்டு. நாம் எடுத்த கோப்பின் அடையாள எண், உலகத்தில் வேறு யாராவது இதே சிடியிலிருந்து எடுத்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று காட்டும். இளையராஜாவின் 'ரமண மாலை'க்கு யாரோ சிலர் ஒத்துவந்தார்கள். எந்த ஊரோ, எந்த மொழியோ தெரியாது. நம்மைப் போலவே ராத்திரி கண்விழித்து, வீட்டில் திட்டு வாங்கி, இதே தகட்டைத் துடைத்திருக்கிறார்கள். சம்பந்தம் பேசாமலே சம்பந்திகள்.

தீபத்துக்கு மகனும் மைத்துனரும் வந்தார்கள். மகன் ஒரு பரீட்சை வைத்தான். அதே பாட்டை எம்பி3-யாகவும் ஃப்ளாக்காகவும் பத்து தடவை மாற்றி மாற்றிப் போட்டான். எது எது என்று நான் சொல்ல வேண்டும். கண்ணை மூடி, தலையை ஆட்டி, ரொம்ப நிதானமாகச் சொன்னேன். பத்துக்கு ஐந்து. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க். ஐம்பத்தெட்டு வயதுக் காது எனக்கு. இருந்தாலும் வாதத்தை விடவில்லை. "இது காதுக்கு இல்லடா, கையிருப்புக்கு. ஃப்ளாக்கிலிருந்து எப்ப வேணா எம்பி3 எடுக்கலாம். எம்பி3-லிருந்து ஃப்ளாக் எடுக்க முடியுமா?"

இந்தக் கேள்வியை மைத்துனர் பிடித்துக்கொண்டார். "மாமா, கிரிவலப் பாதையில வாங்கினேன், ஒரே சிடியில 150 பாட்டு. எல்லாம் எம்பி3. இதையும் உங்க ஃப்ளாக்கா மாத்திக் கொடுங்க." மோரைக் கொண்டுவந்து பாலாக்கிக் கொடுங்கள் என்கிறார். பேர் வேண்டுமானால் மாறும், பாத்திரம் பெரிதாகும், மோர் மோர்தான் என்றேன். கோபித்துக்கொண்டவர், என் தொகுப்பிலிருந்து நூறு பாட்டு பென் டிரைவில் கேட்டார். கொடுத்தேன். அரைமணியில் வாசலிலிருந்து குரல்: "மாமா, இது என் கார்ல ஓட மாட்டேங்குது. எம்பி3-யா மாத்திக் கொடுங்க."

மாற்றிக் கொடுத்தேன். ஆறு மாதம் ஒரு சுரம் கழியாமல் காத்த சீர்காழி, கழிந்து போய் அவர் காரில் ஏறினார்.

எல்லாம் சேர்ந்து 130 ஜிபிக்கு அருகில் நின்றது. கட்டைவிரல் அளவில் ஒரு பொருளுக்குள் அடங்கிவிட்டது. மூன்று படிகள் எடுத்தேன். ஒன்று என் மேஜையில், ஒன்று பெங்களூரில். மூன்றாவதான ஹார்ட் டிஸ்க், பத்திரமான இடம் என்பதால் பூஜை அலமாரியில். அடுத்த ஆயுத பூஜையன்று மனைவி அதற்கு மறக்காமல் சந்தனம் வைத்துவிட்டாள், சரியாக ஒயர் செருகும் ஓட்டையில்.

ஆனால் கணக்கு 412 இல்லை, 411. இளையராஜாவின் 'திருவாசகம்' பெட்டி காலி. 2005-இல் வெளிவந்ததும் வாங்கியது. ஹங்கேரியில் புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது எங்களூரில் என்பார்கள். அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலே இருக்கிறது. அந்த ஊரில், என் வீட்டில், அந்த சிடி இல்லை. பெட்டிக்குள் என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: '2009, தீபத்துக்கு வந்தவர்'. தீபத்துக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். திருவாசகத்துக்கு உருகாதவர் உண்டா என்று கேட்பார்கள். உருகியவர்தான் திருப்பித் தரவில்லை.

ஐயா, அல்லது அம்மா, நீங்கள் இதைப் படித்தால் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு வெண்பொங்கலும் கொத்சும் சாப்பிட்டீர்கள், அது நினைவிருந்தால் போதும். கீறல் விழுந்திருந்தாலும் கேட்க மாட்டேன். எண்பது தடவை படிக்க என்னிடம் டிரைவ் இருக்கிறது. கூரியர் செலவு என்னுடையது.