சட்டைப்பை மின்னல்

அழைப்பு வந்தால் போனின் கேமரா விளக்கு பளிச்சிடும்படி வைத்திருப்பவரை மின்னல்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய போனுக்கு அழைப்பு வந்தால் முதலில் தெரிந்துகொள்பவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். அடுத்து டீ மாஸ்டர். அதற்கடுத்து ரோட்டுக்கு எதிர்ப்புறம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். கடைசியாகத்தான் மின்னல்காரர். வெளிச்சம் போகும் திசை அப்படி. திரையில் கீறல் விழக் கூடாதென்று, திரை நெஞ்சைப் பார்க்கும்படி போனைச் சட்டைப்பையில் போட்டிருப்பார். கேமராவும் அதன் பக்கத்து விளக்கும் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் மெல்லிய துணிக்குள் அது பளிச் பளிச்சென்று அடிக்கும்போது, பையில் மடித்து வைத்த பத்து ரூபாய்த் தாளில் காந்தி தோன்றித் தோன்றி மறைகிறார். அவருக்குப் பின்னால் நான்காக மடித்த ஆதார் ஜெராக்ஸின் ஓரம் தெரிகிறது, பேனாவின் நிழல் தெரிகிறது. இத்தனையும் நமக்குத்தான் காட்சி. சட்டைக்குச் சொந்தக்காரர் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சமும் படுவதில்லை. தனக்குத் தெரியாத விளக்கை ஒருவர் எதற்காக எரியவிட வேண்டும்? பார்க்கிறவர்களுக்காக. என் வாதம் இவ்வளவுதான். மீதியெல்லாம் சாட்சியம்.

முதல் சாட்சியம், போனை எடுக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரம். அழைப்பு வந்ததை அறிவதற்காக விளக்கு வைத்திருப்பவர் அது எரிந்ததும் கையை நீட்டுவார். இவர் நீட்டமாட்டார். விழுப்புரம் பக்கத்துக் காணை பஸ் நிறுத்தத்தில் எவனாவது ஒரு பையன், "அண்ணே, லைட்டு அடிக்குது பாருங்க" என்று சொல்லும்வரை காத்திருப்பார். சொன்ன பிறகும், "அடிக்கட்டும்ப்பா, யாருன்னு தெரியும்" என்பார். போன் பையில் இருக்கிறது, திரை நெஞ்சில் கிடக்கிறது, யாரென்று எப்படித் தெரியும் என்று கேட்கும் துணிச்சல் அந்தப் பையனுக்கு வருவதில்லை. பிறகு இரண்டு விரலால் போனை மெல்ல உருவுவார். கண்ணாடி வீட்டில் இருப்பதால் கையை முழுநீளத்துக்கு நீட்டித் திரையைப் படிப்பார். போனின் முகம் அவரைப் பார்க்கிறது என்றால் அதன் முதுகு நம்மைப் பார்க்கிறது என்று பொருள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை அந்த விளக்கு நம் கண்ணுக்குள் அடித்துக்கொண்டே இருக்கும். "ஒன்றிய ஆபீசு. விடமாட்டானுங்களே" என்று பொதுவில் அறிவித்துவிட்டு, எடுக்காமல் மறுபடி பையில் போடுவார். காந்தி மறுபடி தோன்றுவார்.

அழைத்தது ஒன்றிய அலுவலகம்தானா என்பது வேறு விஷயம். தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்கும் பதிவுக்குரலாகவும் இருக்கலாம். விளக்குக்கு இரண்டும் ஒன்றுதான். கலெக்டர் கூப்பிட்டாலும் அதே அடி, காலர் டியூனுக்கு ஒன்றை அமுக்கச் சொன்னாலும் அதே அடி. பார்க்கிறவர்களுக்கு எண் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். மின்னல்காரருக்கு அது போதும். வாட்ஸ்அப் செய்திக்கும் விளக்கு எரியும்படி வைத்திருப்பவர் இன்னும் மேல்படி. விடியற்காலை ஐந்து மணிக்கு யாரோ அனுப்பும் ரோஜாப்பூ காலை வணக்கம், அதற்கு ஏழு பேர் போடும் கும்பிடு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளிச்சம் போட்டுக்கொண்டுதான் வந்து சேரும். இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் ராஜா திரையை விலக்கிக்கொண்டு வருமுன், கட்டியக்காரன் வந்து அவருடைய வருகையை ஊருக்குச் சொல்வான். மின்னல்காரருக்கு அந்த வேலையைப் போனின் முதுகு பார்க்கிறது. ஆனால் கூத்தில் கட்டியக்காரன் சொன்ன பிறகு ராஜா நிச்சயமாக வருவார். இவர் போனை எடுப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இந்த ஆசை ஸ்மார்ட்போனோடு பிறந்ததும் இல்லை. ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்த போன்களின் காலத்திலேயே, அழைப்பு வந்தால் சிவப்பும் பச்சையுமாகக் கண் சிமிட்டும் ஆன்டெனாவும், முதுகில் ஒட்டிக்கொள்ளும் விளக்கு ஸ்டிக்கரும் கடைத்தெருவில் விற்றன. 2003-ல் வந்த நோக்கியா 1100-ன் தலையில் டார்ச் இருந்தது. அது உருப்படியான விளக்கு. வேண்டும்போது எரியும், வேண்டாதபோது சும்மா இருக்கும். பிளாக்பெரிக்காரர்களுக்கு நெற்றியில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மினுங்கும். அதுகூட வைத்திருப்பவரைப் பார்த்துத்தான் மினுங்கியது. போனின் முகமெல்லாம் திரையானபோது அந்தப் புள்ளிக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த வேலை முதுகிலுள்ள கேமரா விளக்குக்கு வந்தது. முகத்தில் இருந்தவரை உடையவருக்குச் சொன்ன விளக்கு, முதுகுக்குப் போனதும் ஊருக்குச் சொல்லத் தொடங்கிவிட்டது.

மறுப்புகளுக்கு வருவோம். காது கேளாதவர்களுக்காகச் செய்த வசதி அல்லவா இது, அதைக் கிண்டல் செய்யலாமா என்பது முதல் மறுப்பு. நியாயமானது. ஐபோனில் 2011-ல் இந்த வசதி வந்ததே அவர்களுக்காகத்தான். அது இருப்பதும் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளின் வரிசையில்தான். 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14 அதை ஆண்ட்ராய்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. காது மந்தமானவருக்கு இந்த விளக்கு தேவை, அதை அணைக்கச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அப்படித் தேவைப்படுகிறவர் போனை எப்படி வைக்கிறார் என்று பாருங்கள். மேசைமேல் கவிழ்த்து வைக்கிறார், விளக்கு தன் கண்ணில் படும்படி. மின்னல்காரர் வைப்பது தன் கண் படாத இடத்தில், ரிங்டோனை முழுச் சத்தத்தில் விட்டு, அதிர்வையும் போட்டு, மூன்றாவதாக இந்த வெளிச்சம். அவருடைய காதைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் மூன்று பெஞ்சு தள்ளி நின்று அவர் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உடனே திரும்புவார்.

இரண்டாவது மறுப்பு விவசாயியுடையது. மோட்டார் ஓடுகிறது, டிராக்டர் உறுமுகிறது, மல்லாட்டை உடைக்கும் மிஷின் அலறுகிறது, போன் சத்தம் எப்படிக் கேட்கும் என்கிறார்கள். கேட்காதுதான். ஆனால் வேலை நேரத்தில் சட்டை மோட்டார் கொட்டகை ஆணியில் தொங்குகிறது. அதன் பையில் அடிக்கும் விளக்கைப் பார்ப்பது அங்கே கட்டியிருக்கும் கன்றுக்குட்டி மட்டும். உச்சிவெயிலில் அதற்கும் தெரியாது. ராத்திரி மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு விளக்கு உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் வரப்பில் போனைக் கவிழ்த்து வைக்கட்டும், பத்து ஏக்கருக்கு வெளிச்சம் அடிக்கட்டும், அங்கே கூசுவதற்கு யார் கண்ணும் இல்லை. பொழுது விடிந்து பஸ் ஏறும்போது அணைத்துவிட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

மூன்றாவது மறுப்பு உணர்ச்சியோடு வரும். ஃபெஞ்சல் புயலை மறந்துவிட்டீர்களா என்பார்கள். யாரும் மறக்கவில்லை. 2024 டிசம்பர் முதல் தேதிக் கணக்கில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. விழுப்புரம் மாவட்டத்தில் ஊர் ஊராக வெள்ளம் புகுந்தது, கரண்ட் போனது. அப்போது வீட்டுக்கு வீடு வெளிச்சம் தந்தது போன்தான். ஆனால் தந்தது டார்ச். அழைப்புக்கு அடிக்கும் மின்னல் வேறு பொத்தான். அதை நம்பி யாரும் படியிறங்க முடியாது. சார்ஜ் போட வழியில்லாத நேரத்தில், மிச்சமிருக்கும் பேட்டரியையும் நலம் விசாரிக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டியதுதான் அதன் பங்கு. டார்ச்சின் நல்ல பெயரை இது கடன் வாங்கக் கூடாது.

அப்படியே இருந்தாலும் உங்களுக்கு என்ன நஷ்டம் என்பது கடைசி மறுப்பு. நஷ்டத்தைச் சொல்கிறேன். விழுப்புரத்திலிருந்து ராத்திரி திரும்பும் டவுன் பஸ்ஸில் நடு சீட்டில் இது அடித்தால் ஓட்டுநரின் கண்ணாடியில் விழுகிறது. பின்னால் எவனோ ஹெட்லைட் போட்டு வழி கேட்கிறான் என்று அவர் ஒதுங்கப் பார்க்கிறார். திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில், துகிலுரிதலுக்கு ஊரே மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும்போது மூன்றாவது வரிசையில் இது அடித்தால், பாஞ்சாலியை விட்டுவிட்டுக் கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. எழவு வீட்டில் மாலையோடு குனிகிறவரின் பையிலிருந்து இது அடித்தால், செத்தவர் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. இதற்குச் சிரிக்கவும் முடியாது, கோபப்படவும் முடியாது. வலிப்பு உள்ளவர்களின் கதை இன்னும் தீவிரம். 1997 டிசம்பர் 16-ம் தேதி ஜப்பானில் 'போகிமான்' கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறிமாறி அடித்த ஒரு காட்சியால், டிவி பார்த்துக்கொண்டிருந்த 600-க்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் குழந்தைகளை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. இணையப் பக்கங்களுக்கான சர்வதேச விதி, எதுவும் ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்கிறது. ஒரு போன் தனியாக அந்த அளவைத் தாண்டிவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஒளி கூசுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டே இந்த வசதியின் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அந்த எச்சரிக்கை தெரிவது போன் வைத்திருப்பவருக்கு. வெளிச்சம் விழுவது எதிரே இருப்பவருக்கு.

இவ்வளவு சொன்ன பிறகு மின்னல்காரரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லியாக வேண்டும். வெட்டி ஆளுக்கு இவ்வளவு அழைப்பு வராது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிக் கொடுப்பது இவர், பாட்டியின் முதியோர் பென்ஷன் நின்றால் அலைவது இவர், பிரசவ வலிக்கு 108-ஐக் கூப்பிட்டு ஊருக்குள் வழி சொல்வது இவர். காணை ஒன்றியம் அடங்கிய விக்கிரவாண்டித் தொகுதியில் 2024 ஜூலை 10-ம் தேதி இடைத்தேர்தல் நடந்தபோது, வெளியூரிலிருந்து வந்து தங்கிய கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் இவரைப் போன்றவர்களின் எண்தான் வேண்டியிருந்தது. அந்த ஆனி மாதத்தில் சட்டைப்பைகள் ஓயாமல் மின்னின. தேர்தல் முடிந்தது, எண்ணிக்கை முடிந்தது, வந்தவர்கள் போய்விட்டார்கள். அதன் பிறகு ஒரு வெளிச்சத்துக்கும் அடுத்த வெளிச்சத்துக்கும் நடுவில் ஒரு முழு மத்தியானம் கடந்தது. பேர்பெற்ற காலத்தின் மிச்சமாக அந்த விளக்கை ஒருவர் வைத்திருந்தால் அது எனக்குப் புரிகிறது. ஆனால் புரிவதால் கூசாமல் இருக்குமா? கண்ணுக்கு அனுதாபம் தெரியாது. ஊருக்கு உழைக்கிறவர் என்பதற்காக ஊர்க் கண்ணில் டார்ச் அடிக்க உரிமை கிடைத்துவிடாது. போனை எடுக்காமல் வெளிச்சம் மட்டும் காட்டுகிறவரை அழைத்துக்கொண்டிருக்கிறாளே ஒரு பாட்டி, அவளுடைய பென்ஷன் விஷயம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

அணைக்கத் தெரியாது, போன் கடைப் பையன் போட்டுக் கொடுத்தது என்று சிலர் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். வழி சுலபம். ஐபோனில் செட்டிங்ஸ் போய், அக்சஸிபிலிட்டியில் ஆடியோ அண்ட் விஷுவலைத் திறந்தால் அலர்ட்டுக்கான எல்இடி ஃப்ளாஷ் இருக்கிறது. சாம்சங்கில் அக்சஸிபிலிட்டியின் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் ஃப்ளாஷ் நோட்டிஃபிகேஷன். மற்றவற்றில் பெரும்பாலும் போன் பேசும் ஆப்பின் கால் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கும். எதுவும் பிடிபடாவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ஃப்ளாஷ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அதுவே கொண்டுபோய் விடும். டார்ச் அப்படியே இருக்கும், கேமரா அப்படியே இருக்கும், ஒரு அழைப்பும் தவறாது. இதையும் செய்ய மனம் வராதவருக்கு ஒரு சமரசம் உண்டு: செட்டிங்ஸைத் தொட வேண்டாம், போனைத் திருப்பிப் போட்டால் போதும். கேமரா நெஞ்சைப் பார்க்கட்டும், திரை ஊரைப் பார்க்கட்டும். விளக்கு எரியும், ரிங்டோன் அடிக்கும், அதிர்வு நெஞ்சில் தட்டும். அவருக்கு இதுவரை கிடைத்த தகவலில் எள்ளளவும் குறையாது, ஏனென்றால் அந்த வெளிச்சம் இதுவரையும் அவர் கண்ணில் பட்டதில்லை. திரைக்குக் கீறல் பயம் என்றால் ஐம்பது ரூபாய்க்கு டெம்பர்டு கிளாஸ் கிடைக்கிறது. மின்னல்காரர் ஒரு நாள் முழுக்க அப்படிப் போட்டிருந்தால் நான் எழுதியதெல்லாம் வீண்பழி என்று ஒப்புக்கொள்கிறேன். சாயங்காலத்துக்குள் ஏதாவது சாக்குச் சொல்லி அதைத் திருப்பிப் போட்டுவிட்டார் என்றால், வழக்கில் இனி விசாரிக்க ஒன்றுமில்லை.