பறக்கட்டும், சுடுவோம்

தோட்டா அண்ணாச்சி ஆழ்வார்திருநகரிக்கு மட்டும் சொந்தமில்லை. தாமிரபரணித் தென்கரையில் ஊருக்கு ஒருத்தர் இருப்பார். நம்மூர்க்காரருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டும். வாசஸ்தலம் டீக்கடை பெஞ்சு. மின்கம்பியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தால் மற்றவர்களுக்குப் புறா தெரியும், அவருக்குத் தூரம் தெரியும். “முப்பத்தஞ்சு கஜம்” என்பார். அப்புறம் டீயை உறிஞ்சிவிட்டு, “ஆனா சுடப்படாது. உக்காந்திருக்கு” என்பார்.

அதுதான் வேட்டை தர்மம். உட்கார்ந்ததைச் சுடக்கூடாது, ஓடுவதைச் சுடக்கூடாது, தண்ணீர் குடிக்க வந்ததையும் குஞ்சோடு திரிவதையும் தொடவே கூடாது. “உக்காந்த பறவையச் சுடுதவன் வேட்டைக்காரன் இல்லடே, கசாப்புக்காரன்.” அடிபட்டு விழுந்ததைத் தேடி எடுக்காமல் அடுத்ததற்குக் குறி வைக்கக் கூடாது என்றும் ஒன்று உண்டு. உடைமுள்ளுக்குள் கையை விட்டுத் தேடுவதென்றால் சும்மாவா? இந்த ஒரு விதிக்காக அவரை மன்னிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், அவர் வேட்டைக்குப் போன நாளில் குதிரைமொழித் தேரியின் செம்மணல் காட்டில் கிடைத்தது கவுதாரி. அறிவியல் பெயரிலேயே பாண்டிச்சேரியை வைத்திருக்கிற இந்தப் பறவைக்கு இறக்கை அவசரத்துக்குத்தான். மற்ற நேரமெல்லாம் ஓட்டம். மிதிபடப் போகிற கடைசி நொடியில் படபடவென்று கிளம்பும், கொஞ்ச தூரத்தில் இறங்கும், மறுபடி ஓடும். ஓடும்போது தர்மம் தடுத்தது. கிளம்பும்போது அண்ணாச்சி திடுக்கிட்டு நின்றார். இறங்கியபின் மறுபடி தர்மம். குறி தவறியதால் தர்மம் வந்ததா, தர்மத்தால் குறி தவறியதா என்று விசாரிக்கவும் வழியில்லை. கூடப் போனவர்களும் அதே தர்மவான்கள்தான்.

பார்வை வைத்துப் பிடிப்பவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ரத்தம் கொதிக்கும். பழக்கிய கவுதாரியைக் கூண்டோடு காட்டில் வைத்தால் அது கத்தும்; ‘என் எல்லையில் எவன்டா அது’ என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு வந்து கண்ணியில் மாட்டும். “சண்டைக்குன்னு ஆம்பளையா வந்தவன வஞ்சகமாப் பிடிக்கான்!” என்பார். அந்த வஞ்சகனுக்கு ராத்திரி உலையில் போட ஏதாவது வேண்டும். அண்ணாச்சி வெறுங்கையோடு திரும்பினாலும் வீட்டில் குழம்பு தயார். தர்மம் பேசுவதற்கு அது பெரிய சௌகரியம்.

அவருக்கு ஆதர்சம் ஊட்டித் துரைமார். “1879-லயே நீலகிரிக்குன்னு தனியா வேட்டைச் சட்டம் போட்டாம்டே வெள்ளக்காரன். கண்ட மாசத்துல துப்பாக்கியத் தூக்க முடியாது.” ஒருநாள் பெஞ்சின் மறுமுனையில் இருந்த கல்லூரிப் பையன், பரத்பூர் ஏரியில் 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவும் கூட்டாளிகளும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதை எடுத்துவிட்டான். “அவ்வளவும் பறந்துகிட்டுதான இருந்திருக்கும் அண்ணாச்சி?” அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசித்தார். “பறந்துதான் இருக்கும்” என்றார். இன்னொரு டீ சொன்னார்.

எந்தப் பறவையை எப்படிச் சுடலாம் என்று அத்தனை நுணுக்கம் பார்த்தவர்கள் எத்தனை என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. வேடந்தாங்கல்காரர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு நல்லது, ஆகவே எவனும் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கிவிட்டார்கள். மரியாதையா, உரமா என்று பிரித்துப் பார்க்க அவர்கள் மெனக்கெடவில்லை.

1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. மிச்சமிருந்த சந்துபொந்தையும் 1991 திருத்தம் அடைத்தது. அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு இப்போது ஒரே பயணம்தான்: தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷன், முடிந்தால் வீடு. சட்டத்தின் மேல் அண்ணாச்சிக்குக் கோபமே இல்லை. அது வந்த பிறகுதான் அவர் ஒரு தோட்டாவும் வீணாக்காத வேட்டைக்காரர் ஆனார்.

ஓட்டலில் காடை வறுவல் சொல்வார். பண்ணையில் வளர்ந்த ஜப்பான் காடை, அஞ்சு வாரத்தில் சட்டிக்கு வந்தது. எலும்பைக் கடித்தபடியே, “ஓடுறதுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்காமக் கொன்னிருக்கான். திங்கலாம், மதிக்க முடியாது” என்பார். இரண்டாவது பிளேட்டிலும் இதே அபிப்பிராயம்தான்.

இப்போது அவர் வயல் உளுந்தில் மயில்கள் இறங்குகின்றன. 1963-லிருந்து தேசியப் பறவை. முறைத்துப் பார்க்கவே யோசிக்க வேண்டும். போன வாரம் அவர் மனைவி ஆச்சி, தகரத்தைக் கையில் கொடுத்து அவரை வரப்புக்கு அனுப்பினார். ஏழெட்டு மயில்கள் நிதானமாகக் கொறித்துக்கொண்டிருந்தன. அண்ணாச்சி கம்பை ஓங்கியபடி நின்றார், அடிக்கவில்லை.

பின்னாலேயே ஆச்சி வந்தார். “என்ன பாத்துக்கிட்டு நிக்கிய?”

“பொறுடி. உக்காந்திருக்கு. பறக்கட்டும்.”

“பறந்துபோனத வெரட்டதுக்கு நீங்க எதுக்கு?” என்று ஆச்சி தகரத்தைப் பிடுங்கினார்.