மூலைமட்டமும் மூடுமந்திரமும்

ஏலே தம்பி, ஃப்ரீமேசன்காரங்க உலகத்தையே ரகசியமா ஆட்டிவைக்காங்கன்னு வீடியோ பாத்துட்டு ராவெல்லாம் முழிச்சிருந்தியாமே? ஒளிஞ்சிருந்து ஆள்றவனுக்கு சென்னை எழும்பூர்ல, எத்திராஜ் சாலையில, ஊரறிய ஒரு மாளிகை எதுக்குடே?

கதையக் கேளு. இது கல்தச்சருங்க வழியில வந்த சங்கம், அதோட கிளைக்குப் பேரு லாட்ஜு. 1717 ஜூன் 24-ல நாலு லாட்ஜுக்காரங்க லண்டன்ல ஒரு பீர்க்கடையில கூடி, கிராண்டு லாட்ஜுன்னு தலைமைச் சபை வச்சாங்க. மூலைமட்டமும் கவராயமும் சின்னம். இடுப்புல ஆட்டுக்குட்டித் தோலு ஏப்ரனு. ஆனா பின்னால வந்து சேந்தவுக முக்காவாசி, உளியே புடிக்காத தொரைமாரு. கை காய்ச்சவன் சாரத்துல நிப்பான். காய்க்காதவன் சங்கத்துல நிப்பான். எப்பிடி?

படி மூணு. பயில்றவன், கூட்டாளி, மேஸ்திரி. அது போக லாட்ஜுக்கு ஒரு தலைவரு, ரெண்டு வார்டன், செயலாளரு, பொருளாளரு. கதவுக்கு வெளிய வாளோட ஒருத்தரு காவல். என்னத்தச் சொல்ல? நம்மூரு கோயில் கமிட்டியில கணக்கு வாசிக்கையில உள்ளுக்குள்ளதாம்லே வாளு வேணும்!

மெட்ராசுக்கு இந்தச் சங்கம் 1752-லயே வந்தாச்சு. 1770-கள்ல ஆற்காட்டு நவாபு மகன் உம்தத்-உல்-உமராவத் திருச்சியில சேத்துக்கிட்டாங்க. லண்டன்ல இருந்து அலங்காரம் செஞ்ச நீல ஏப்ரனும், அழகா அட்டை போட்ட சட்டப் புத்தகமும் வந்துச்சு. புதுசாச் சேந்த சகோதரருக்கு உச்சி குளுந்துபோச்சு. அப்புறம்? 1801-ல அவரு கண்ண மூடுனாரு. அதே வருசம் அவரு ஆண்ட கர்நாடகச் சீமை கெழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயிருச்சு. லாட்ஜு மேல நான் பழி போடல, புடுங்குனது கம்பெனி. ஆனா அந்த ஏப்ரனு ஒரு குழி நெலத்தக் காப்பாத்துச்சா?

1961 நவம்பர் 24-ல இந்தியாவுக்குன்னு தனி கிராண்டு லாட்ஜு பொறந்துச்சு. வடக்கு, தெக்கு, கெழக்கு, மேக்குன்னு நாலு வட்டாரம், தெக்குக்குச் சென்னை. மொத கிராண்டு மாஸ்டரு யாரு? ராம்பூர் நவாபு! சொதந்தரம் வந்தும் பட்டத்து ஆசை விடுமா?

ஒண்ண மட்டும் மெச்சணும்டே. கடவுள் உண்டுன்னு நம்புனாப் போதும். எந்தச் சாமின்னு கேக்க மாட்டாங்க. லாட்ஜுக்குள்ள அரசியலும் மதச்சண்டையும் பேசக்கூடாது. தோலையும் வாளையும் விட்டுரு, இத எடுத்துக்கோ. ஒன் வாட்ஸ்ஆப் குரூப்புல இத நாளைக்கே சட்டமாக்கு. அப்புறம் பாரு, ஒலகத்துலயே பெரிய ரகசியக் கூட்டம் அதுதான். ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டாம்லே!