தூத்துக்குடியில் ஒரு நொடி: டீக்கடைக் கடிகாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

2017 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை 5 மணி 29 நிமிடம் 59 நொடி முடிந்ததும் 5.30 பிறந்துவிடவில்லை. நடுவில் 60ஆம் நொடி என்று ஒன்று வந்து போனது. இந்திய நேரத்தைக் காக்கும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் அதை முறைப்படி சேர்த்தது. இனாமாக வந்த அந்த நொடியைத் தூத்துக்குடி என்ன செய்தது என்பதே இவ்வாய்வின் பொருள். முன்னோடி ஆய்வுகள் இல்லை; இருந்தாலும் இவ்வாய்வாளர் படித்திருக்கமாட்டார்.

முதலில் காரணம். நிலவு இழுக்கிறது, கடல் ஏறி வற்றுகிறது, அந்த உராய்வில் பூமியின் சுழற்சி மெல்லத் தளர்கிறது. ஆகவே இக்குற்றத்தில் மன்னார் வளைகுடாவுக்கும் சிறு பங்கு உண்டு. சீசியம் அணுவோ 919,26,31,770 அதிர்வுக்கு ஒரு நொடி என 1967 முதல் அசையாமல் கணக்கெழுதுகிறது. தள்ளாடும் முதலாளிக்கும் கறாரான கணக்குப்பிள்ளைக்கும் கணக்கு நேராக, 1972 முதல் 27 முறை ஒவ்வொரு நொடியாகச் சேர்த்தார்கள். கணினிக்காரர்களுக்கு இது தலைவலி. 2022இல் பிரான்சில் கூடிய எடை, அளவைகள் மாநாடு, 2035க்குள் இவ்வழக்கத்துக்கு முழுக்குப் போட முடிவெடுத்தது. அப்படியானால் கடிகாரம் சூரியனை விட்டு விலகிப்போகுமே என்று எதிர்த்தரப்பு கலங்குகிறது.

தூத்துக்குடியில் அது எப்போதோ விலகிப்போயிற்று. ரயில் மெட்ராஸ் நேரத்தில் ஓடிய காலத்திலேயே நமக்கும் சூரியனுக்கும் எட்டு நிமிடப் பிணக்கு. 1906 ஜனவரி 1இல் மிர்சாபூர்ப் பக்கத்துத் தீர்க்கரேகை நாட்டுக்கெல்லாம் பொதுவானதும் அது 17 நிமிடம் தாண்டியது. இங்கே உச்சிப்பொழுது, சராசரியாகப் பார்த்தால், 12 மணி 17 நிமிடத்துக்குத்தான். கூடுதல் நொடி சேர்ந்த அதே வேகத்தில் இவ்வளவு இடைவெளி விழ 1,700 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நாம் கேட்காமலே வந்து சேர்ந்தது. யாரும் மறியல் செய்ததாகத் தெரியவில்லை. அக்கரை இதைவிடத் துணிச்சல். 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, அக்டோபரில் அரை மணி இறங்கி, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கிருந்து கொழும்பு போன தோணிகள் போய்ச் சேரும்போதே அரை மணி மூத்திருந்தன.

ஒரு நொடிக்காகச் சண்டை போட மொழியும் உதவவில்லை. பழைய கணக்கில் நாழிகை 24 நிமிடம். அதில் அறுபதில் ஒன்றான விநாடி 24 நொடி. அதற்குள் ஒற்றை நொடியைத் தேடுவது உப்பளத்தில் சர்க்கரை தேடுவதுதான்.

நொடியை உடம்பால் அறிந்தவர் இக்கரையில் ஒருவர் உண்டு: முத்துக் குளித்தவர். கால் கல்லில், ஒரு கை கயிற்றில், இடுப்பில் வலைப்பை. தரை தொட்டதும் சிப்பியை வாரிப் போட வேண்டும். மொத்தம் ஏறக்குறைய ஒரு நிமிட மூச்சு. கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவர் இழுக்க வேண்டும். அவர் ஒரு நொடி அசந்தால் என்ன ஆகும் என்று அறிய சீசியம் தேவையில்லை. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. ஆகவே அந்த நிபுணர்களை எந்த மாநாடும் அழைக்கவில்லை.

களஆய்வுக்கு இவ்வாய்வாளர் மீன்பிடித் துறைமுகம் அருகே ஒரு டீக்கடைக்குப் போனார். சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடியது.

“ஏன் அண்ணாச்சி, கூட ஓடுது?”

“விசைப்படகு அஞ்சு மணிக்குல்லா கெளம்பணும். சரியான நேரத்த வச்சா நம்ம ஆளுவ இங்கயே உக்காந்துருவானுவ.”

அந்த 2017 விடிகாலையைப் பற்றிக் கேட்டதற்கு, “ஞாயித்துக்கெழம, அதுலயும் புதுவருசம். எவன் கடலுக்குப் போவான்?” என்றார். படகுகள் கரையில், ஊர் நள்ளிரவுப் பூசை முடிந்த தூக்கத்தில். நொடி வந்த சுவடே இல்லை.

ஆய்வு முடிவு: உலகம் சேர்த்த 27 நொடியும் அண்ணாச்சியின் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன. இன்னும் 9 நிமிடம் 33 நொடி கையிருப்பில் இருக்கிறது. பிரான்சுக்காரர்கள் கேட்டால் கொடுத்துவிடலாம்.