சூரியக் கைக்கடிகார மீமாம்சை

எந்தப் பொருளைப் பற்றியும் ஆராய்ச்சி எழுதப் புகுகிறவர், இத்துறையில் இதுகாறும் எவரும் ஒன்றும் செய்யவில்லை என்று முதற்பக்கத்தில் வருத்தப்பட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து அவர்கள் செய்ததையெல்லாம் மறுக்கத் தொடங்குவது நம்மவரிடையே வேரூன்றிவிட்ட சம்பிரதாயமாதலால், யாமும் வருத்தப்பட்டாயிற்று என்று வாசகர் பாவித்துக்கொள்ளும்படி வேண்டி, விஷயத்துக்கு வருகிறோம்.

விஷயமாவது, சீகோ கம்பெனியார் 1969-ல் வழங்கிய ஸ்பீட்டைமர் என்ற நாமதேயத்தை மீண்டும் எடுத்துச் சூட்டி 2021-ல் வெளியிட்டதும், சூரிய ஒளியில் ஓடுவதும், 39 மில்லிமீட்டர் அகலமுள்ளதுமான ஒரு க்ரோனோகிராஃப், அதாவது ஸ்டாப் வாட்சும் உள்ளடங்கிய கைக்கடிகாரம். வெள்ளை முகத்தில் கறுப்பு வட்டங்கள் அமைந்திருப்பதால் ரசிகர்கள் இதைப் பாண்டா என்று செல்லமாக அழைக்கிறார்கள். இதே ஜாதியில் பிறந்த சுவிட்ஸர்லாந்துப் பிரபுக்கள் காரின் விலைக்கும் அதற்கு மேலும் விற்க, இதையோ மாதச் சம்பளக்காரர் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிவிடலாம் என்பதால், அப்படி வாங்கிக் கட்டிக்கொள்வது தகுமா தகாதா என்று சாஸ்திரோக்தமாக விசாரிப்பதே நம் நோக்கம்.

ஆதார நூல்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பெட்டிக்குள் பல மடிப்பாக மடித்து வைத்திருந்த, ஒருமுறை பிரித்தால் மறுபடி அதே விதமாக மடிக்க மனித யத்தனத்தால் இயலாத விளக்கத்தாளே மூலம். கடைக்காரர் அந்தத் தாளைப் பார்த்துச் சொன்னது பொழிப்புரை. தங்கை மகன் கைப்பேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டுச் சொன்னது விருத்தியுரை. எதிர்வீட்டுப் பெரியவர் தாளையும் பாராமல், கடிகாரத்தையும் பாராமல் சொன்னது பேருரை. உரைகளில் அதுவே அளவில் பெரிது, மேற்கோள் காட்டவும் மிக வசதியானது.

இனி க்ரோனோகிராஃபின் வரலாறு. 1821-ல் பாரிஸ் நகரத்துக் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் என்பவர், குதிரை இலக்கைத் தொட்டதும் சுழலும் தகட்டின்மீது மைத்துளி விழும்படியான ஒரு யந்திரத்தை உபயோகித்துக் காலத்தை அளந்தார். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அவரே இத்துறையின் ஆதிபுருஷர் என்று புத்தகங்கள் ஏகமனதாகப் புகழ்ந்துவந்த நிலையில், லூயி மொய்னே என்பவர் 1816-லேயே வான சாஸ்திர உபயோகத்துக்காகச் செய்து முடித்திருந்த கருவியொன்று 2013-ல் பகிரங்கமாயிற்று. எனினும் புகழ்ந்தவர்கள் கலங்க வேண்டியதில்லை. மையால் குறித்தவர்களில் முதல்வர் என்றோ, குதிரையை அளந்தவர்களில் முதல்வர் என்றோ ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொண்டால் எவரையும் எதிலும் முதல்வராக வைத்துக் காப்பாற்றலாம் என்ற வித்தையை உலகுக்குக் கற்றுக்கொடுக்க நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு கவிராயரின் காலத்தை அறுநூறு வருஷ இடைவெளிக்குள் அடைத்துவிட்டு, இதில் இனி ஐயத்துக்கிடமில்லை என்று மேஜையைத் தட்டுகிற கையில், ஐந்தில் ஒரு விநாடியைக் காட்டும் இக்கடிகாரம் துலங்கக் கண்டால் யாம் பெரிதும் மகிழ்வோம்.

அடுத்து, சில்லறை அதிகாரங்கள். விலை: கடையில் கொடுத்தது ஒன்று, வீட்டில் சொன்னது ஒன்று என இரு பாடங்கள் வழங்குவதால் நிர்ணயிப்பதற்கில்லை. ஜலம்: 10 பார் அழுத்தம் தாங்கும் என்பது மூலம், குளிக்கும்போது கழற்றி அலமாரியின்மேல் வைப்பது சிஷ்டாசாரம். தேதி: நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே அதை ஒதுக்குப்புறமாகக் குடிவைத்தது ஏன் என்று மூலம் சொல்லவில்லை, எமக்கும் பிடிக்கவில்லை.

ஆகார விஷயம் சற்று விரிவை வேண்டுகிறது. சிட்டிசன் கம்பெனியார் 1976-ல் முட்கள் கொண்ட சூரியக் கடிகாரத்தை முதன்முதலாகக் கொண்டுவந்தபோது, மின்கலத் தகடுகள் முகத்திலேயே வெளிப்படையாகத் தெரிந்தன. இன்றோ ஒளியை உள்ளே விடும் முகத்தகட்டின் கீழே அவை கோஷா ஸ்திரீகளைப்போல மறைந்திருக்கின்றன. வெயில் கிடைத்தால் விரைவாகவும், அறை விளக்கு மட்டும் கிடைத்தால் நிதானமாகவும் உண்டு, வயிறு நிறைந்தால் ஏறத்தாழ ஆறு மாதம் இருட்டிலும் ஓடுமென்பது மூலத்தின் வாக்கு. மின்சாரம் குறைந்துவிட்டாலோ, சிறிய விநாடிமுள் இரண்டு விநாடிக்கொரு தரம் தாவித் தாவி நடந்து தன் பசியைக் குறிப்பால் உணர்த்துமேயன்றி வாய்விட்டுக் கேட்காது. முழுக்கைச் சட்டையணிந்து, பொத்தானையும் மாட்டிக்கொண்டு, குளிர்சாதன அறைக்குள் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தருடைய மணிக்கட்டில் இது உபவாசம் இருப்பது நிச்சயம். 'வடாத்தோடு வெயிலில் போட்டுவிட்டால் தீர்ந்தது' என்பது பேருரை (எதிர்வீட்டுப் பெரியவர், வாய்மொழி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டியின் நிழற்புறம், காக்கை விரட்டும் குச்சி கையில் இருந்தபோது அருளியது). ஆனால் அதிக உஷ்ணம் ஆகாதென்று மூலம் எச்சரித்திருப்பதால், வடாம் காயும் வெயிலும் கடிகாரம் தாங்கும் வெயிலும் ஒன்றல்ல என்று பேருரையைப் பணிவோடு மறுக்கிறோம்.

இம்முகத்திலுள்ள சிறு வட்டங்களில் ஒன்று, 24 மணி நேரத்தைக் காட்டுவது. பெரிய மணிமுள் மூன்று என்றால், இவ்வட்டத்திலுள்ள குறுமுள் அது பிற்பகல் மூன்றா, பின்னிரவு மூன்றா என்று தெளிவுபடுத்தும். சூரிய ஒளியை உண்டு ஜீவிக்கின்ற ஒரு கருவி, அதை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனிடம் இப்பொழுது பகலா இரவா என்று சாட்சியம் சொல்ல ஒரு முள்ளையும் ஒரு வட்டத்தையும் தனியே ஒதுக்கியிருப்பதன் தாத்பரியம் என்ன? வெளிநாட்டு நேரத்தைக் காட்டவே என்பது பூர்வபட்சம் (தங்கை மகன், விருத்தியுரை, மூன்றாம் வீடியோ, விளம்பரத்துக்கு முந்திய பகுதி). குறுமுள் பெரிய மணிமுள்ளோடு பிணைக்கப்பட்டிருப்பதாலும், அதைத் தனியே திருப்பிவைக்க வழியில்லாமையாலும் அவ்வாதம் விழுந்தது. தேதி நள்ளிரவில் மாறாமல் நண்பகலில் மாறும்படி நேரத்தைத் தவறாக வைத்துவிடாதிருப்பதற்கே அந்த முள் என்பது சித்தாந்தம். ஆக, திருகை இழுத்து நேரத்தைச் சரிசெய்யும் அந்த அரைநிமிஷத்தில் மட்டும் உத்தியோகம் பார்த்துவிட்டு, மற்றைப் பொழுதெல்லாம் முகத்தில் கம்பீரமாக வீற்றிருக்கும் இக்குறுமுள்ளைப் பார்க்குந்தோறும், வருஷத்துக்கொருமுறை கூடும் ஆலோசனைக் குழுக்களின் கௌரவ உறுப்பினர் சிலர் எம் நினைவுக்கு வருகிறார்கள், பெயர் வேண்டாம்.

ஸ்டாப் வாட்சின் தொழில் எளிது: மேற்பொத்தானை அமுக்கினால் நடுவிலுள்ள நீண்ட முள் ஓடும், மீண்டும் அமுக்கினால் நிற்கும், கீழ்ப்பொத்தானை அமுக்கினால் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். 60 நிமிஷம் வரைதான் அதன் கணக்கு. கருத்தரங்கத் தலைமையுரைகளுக்கு உதவாது.

இப்போது பிரதான விஷயமாகிய டாகிமீட்டருக்கு வருகிறோம். கண்ணாடியைச் சுற்றிய வளையத்தில், 500 முதல் 60 வரை இறங்கிச் செல்லும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் கல்லைக் கடக்கும்போது பொத்தானை அமுக்கி, அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் சுட்டும் எண்ணே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகமாகும்; 3600-ஐ விநாடிகளால் வகுப்பதே இதன் ரகசியம். 45 விநாடியானால் 80. வண்டியில் வேகம் காட்டும் முள் ஓட்டுநரின் கண்ணெதிரே இருக்க, அதைப் பாராமல் ஜன்னலுக்கு வெளியே, விளம்பரப் பலகைக்குப் பின்னால் பாதி புதைந்து கிடக்கும் கல்லைத் தேடுகிறவர் ஆராய்ச்சியாளராகத்தான் இருக்க முடியும். மேலும் 60-க்குக் கீழே வளையத்தில் எண்ணே இல்லாமையால், மாநகரப் போக்குவரத்து நெரிசல் முழுவதும் இச்சாஸ்திரத்துக்கு அப்பாற்பட்டதாகிறது.

ஆயினும், தொழிற்சாலையில் ஒரு பண்டம் செய்ய ஆகும் நேரத்தை அளந்தால், மணிக்கு எத்தனை பண்டம் ஆகுமென்பதையும் இதே வளையம் சொல்லிவிடும் என்ற விதி, எமக்குப் புதியதோர் உலகத்தைத் திறந்துவிட்டது. யாம் தோசையை எடுத்துக்கொண்டோம்.

தோசை எப்போது தொடங்குகிறது? கல்லின்மேல் தண்ணீர் தெளித்து, அது சீறியதும் சிறு துடைப்பத்தால் துடைக்கிறாரே மாஸ்டர், அத்துடைப்பே ஆதி என்பர் ஒரு சாரார். அது முந்தின தோசைக்குச் செய்யும் அபரக்கிரியையேயன்றி அடுத்ததன் ஜனனமன்று என்பர் மற்றொரு சாரார். கரண்டியின் அடிப்புறம் மாவின் நடுவைத் தொட்டு முதல் வட்டம் போடும் கணமே உற்பத்தி என்பர் மிதவாதிகள். முடிவிலும் விவாதம் ஓயவில்லை: ஓரம் சிவந்து தானே எழும்பும்போது தோசை முடிந்தது என்பது ரசனைவாதம், தட்டில் விழுந்தால்தான் முடிந்தது என்பது லோகாயதம், சட்னி விழாதவரை அது தோசையே அன்று என்பது தீவிரவாதம் (எதிர்வீட்டுப் பெரியவர், பேருரையின் அனுபந்தம், சிற்றுண்டிச் சாலை, கைகழுவும் தொட்டிக்கு அடுத்த மேஜை, சாம்பார் இரண்டாம் முறை வந்து போன பிறகு, முதல் ஏப்பத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே).

மாவு விழுவதிலிருந்து தட்டில் விழுவது வரை அளந்து பார்த்தோம், நிமிஷத்தைத் தாண்டிவிட்டது. வளையத்தில் அதற்கு எண்ணில்லை. கருவியில் அடங்காத உண்மை ஆராய்ச்சிக்கு உரியதன்று என்பது சர்வகலாசாலைகள் எமக்குக் கற்பித்த பாலபாடமாதலால், தோசையின் இலக்கணத்தையே திருத்தி, ஒரு தட்டு போனதற்கும் மறுதட்டு போனதற்கும் உள்ள இடைவெளியே தோசை என்று வரையறுத்தோம். கல்லில் ஒரே சமயத்தில் பல வார்க்கிறார்களாதலால், முள் 45 விநாடியில் நிற்க, வளையம் 80 என்று திருவாய் மலர்ந்தது. மணிக்கு 80 தோசை! ஐந்தில் ஒரு விநாடி சுத்தமான, சூரியனையே சாட்சியாகக் கொண்ட முடிவு.

இதைச் சரிபார்த்துக்கொள்ள, ஒரு மணிக்கு எத்தனை தோசை போகுமென்று மாஸ்டரையே வினவினோம். அவர் திருப்பியால் ஓரத்தைக் கிளப்பியபடி, தலை நிமிராமலே, "எத்தனை பேர் கேக்குறாங்களோ அத்தனை சார்" என்றார். எம் கணக்கோடு இயையாத காரணத்தால், இவ்வாக்கியம் பிற்கால இடைச்செருகல் என்று துணிகிறோம்.