உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கப்பல்

கேள்வி: யூடியூப் காணொளி பார்த்தே ஆங்கிலப் பேச்சுவழக்கைப் பிடித்துவிடலாமா? (உப்புவெளி வாசகி)

பதில்: பிடிக்கலாம், கண்ணோடு வாயையும் திறந்தால்! பாடம் நடத்துபவர்களைவிட, வேலை செய்துகொண்டே பேசுகிறவர்களைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, உங்கள் திருகோணமலையின் பெயரிலேயே 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி' என்றொரு பாய்க்கப்பல் இருக்கிறது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டியது. இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதைப் பற்றிய காணொளிகளைத் தேடுங்கள். காற்று எதிரே திரும்பிப் பாயைப் பாய்மரத்தோடு அறைந்தால், கப்பல் திணறும். அதை மாலுமிகள் 'டேக்கன் அபேக்' என்றார்கள். இன்று திகைத்துப்போகிற எல்லாரும் அதையே சொல்கிறார்கள். இப்படிக் காட்சியோடு சேர்த்துக் கேட்டால் மறக்கவே மறக்காது. இரண்டு நிமிடத் துண்டை முதலில் சப்டைட்டில் இல்லாமல் கேளுங்கள், பிறகு அதோடு. அடுத்து, கூடவே உரக்கச் சொல்லுங்கள். நிலாவெளியில் படகுக்கு வழி கேட்கும் வெளிநாட்டவரிடம் மறுநாளே அப்படிக் கற்ற சொற்றொடர் ஒன்றை எடுத்து விடுங்கள்!